பழைய இயந்திரத்துக்கு இரண்டு விலை

பட்டறையை விட்டு வெளியேறும் பழைய இயந்திரத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று ஸ்கிராப் ரேட். இத்தனை டன் வார்ப்பிரும்பு, கிலோ இன்ன விலை என்று எடைமேடையிலேயே முடிந்துவிடும் கணக்கு அது. மற்றது மெஷின் ரேட். இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், எவ்வளவு துல்லியமாக ஓடும் என்று பார்த்துப் பேசும் விலை. நடுத்தர லேத் ஒன்று ஒன்றரை டன், இரண்டு டன் எடை இருக்கும். இரும்பாகப் போட்டால் கிடைக்கும் தொகையைப் போலப் பல மடங்கு, அதையே லேத்தாக விற்றால் கிடைக்கும். விற்பவர் கண்ணுக்கு இரும்பாகத் தெரிந்தது வாங்குபவர் கண்ணுக்கு இயந்திரமாகத் தெரிந்தால் அது நல்ல பேரம். இயந்திரம் என்று நம்பி வாங்கியது வீட்டுக்கு வந்தபின் இரும்பாகிவிட்டால், அதுவும் இந்தத் தொழிலில் வாடிக்கைதான்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதி இன்று இந்த வியாபாரத்தின் பெரிய ஊற்று. ஆனால் அதன் பழக்கவழக்கங்கள் அங்கே பிறந்தவை அல்ல, சென்னை நகரத்துக்குள் உருவாகி, தொழிற்சாலைகளோடு சேர்ந்து மேற்கே நகர்ந்தவை.

நகரத்தில் பழைய இரும்பு வாங்கும் கடைக்குக் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்கள் இந்தத் தொழிலில் முன்னால் நின்றதால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். 1900-ல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டித் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் பழைய புத்தகத்துக்குப் பேர்போனது என்றாலும், பழைய சாமான் எதையும் தேடிப்போகிற இடமாகவே அது 1985 மே மாதத் தீ விபத்து வரை இருந்தது. வண்டி உதிரிகளுக்குப் புதுப்பேட்டை, இரும்புச் சாமானுக்கும் இயந்திரத்துக்கும் பாரிமுனையின் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தச் சந்தைக்கு எதிர்பாராத சரக்கு வந்தது. போருக்காகக் கொண்டுவந்து மிஞ்சிப்போன லாரி, ஜெனரேட்டர், வெல்டிங் செட், கைக்கருவி எல்லாவற்றையும் அரசு ஏலத்தில் தள்ளியது. அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற உபரிப் பொருள்களை இந்தியா எடுத்துக்கொள்ள 1946-ல் ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல் சென்னைத் தமிழில் நிலைத்தது அந்தக் காலத்தில். டிஸ்போசல் ஸ்பானர் என்றால் தேயாது, டிஸ்போசல் டிரில் என்றால் உடையாது என்ற நம்பிக்கை இரண்டு தலைமுறை நீடித்தது. அதில் பாதியாவது உண்மை. படைக்காக வாங்கிய பொருளில் உலோகத்தின் தரம் குறைவதில்லை.

பழைய கருவிகளைக் கொண்டு முழுத் தொழிற்சாலையையே நிறுவிய கதையும் சென்னையில் உண்டு. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் கோக்கப்பட்டன. 1957-ல் புல்லட் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் இந்திய நிறுவனத்துக்கே விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் வண்டி முழுவதும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது. அங்கே காலம் முடிந்ததாக நினைத்த வடிவம், இங்கே பல பத்தாண்டு பெரிய மாற்றமில்லாமல் சாலையில் ஓடியது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களுக்குப் பின்னாலும் இதே மாதிரி ஐரோப்பிய வடிவங்கள் இருந்தன. இந்திய வாகனத் தொழில் தன் முதல் முப்பது ஆண்டுகளைப் பெருமளவு பிறர் கழித்துக்கட்டிய வடிவங்களைக் கொண்டுதான் ஓட்டியது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெரிய நிறுவனங்களுக்கே இதுதான் நிலை என்றால் சிறு பட்டறைகளைக் கேட்க வேண்டியதில்லை. 1991 வரை வெளிநாட்டு இயந்திரம் வாங்க உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். உள்நாட்டில் நல்ல லேத் என்றால் சில பெயர்கள்தான். 1953-ல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகன் நிறுவனத் துணையோடு தொடங்கிய எச்.எம்.டி., 1941-ல் ஹரிஹரில் பிறந்த மைசூர் கிர்லோஸ்கர், கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. ஆகியவற்றை எந்தப் பட்டறைக்காரரும் முதலில் சொல்வார். புது இயந்திரத்தைத் தவணையில் வாங்க, 1955-ல் அமைந்த தேசியச் சிறுதொழில் கழகம் வழிசெய்தது. அதற்கும் எட்டாதவர் பழையதைத் தேடினார். புதியதே அரிதாக இருந்ததால் பழையதன் விலை இறங்கவில்லை. இருபது ஆண்டு ஓடிய எச்.எம்.டி. லேத், வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோவதை அன்றைய பட்டறைக்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆர். வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. 1960களில் அம்பத்தூர் பேட்டை அதைவிடப் பல மடங்கு பெரிதாக விரிந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகளும் எண்ணூரில் அசோக் லேலண்டும் வெளியே கொடுத்த ஜாப் ஒர்க்கை நம்பி நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. பெரிய ஆலையில் பத்துப் பதினைந்து ஆண்டு டர்னராகவோ ஃபிட்டராகவோ இருந்தவர், கையிலிருந்த சேமிப்பில் ஒரு பழைய லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் போட்டு வாடகைக் கூரையின் கீழ் தனியே தொழில் தொடங்குவது அம்பத்தூரின் வழக்கமான வரலாறு. அவருக்கு மூலதனத்தைவிடப் பெரிய சொத்து, பழைய இயந்திரத்தைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்த கண்.

தொடங்கிய பட்டறைகளில் பல மூடவும் செய்தன. 1949-ல் ஏற்பட்ட தொழில் முதலீட்டுக் கழகம், அதாவது இன்றைய டி.ஐ.ஐ.சி., கடன் திரும்பாத பட்டறையின் இயந்திரத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். மாநில நிதிக் கழகங்கள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதற்கு இடம் தந்தது. ‘செக்‌ஷன் 29 ஏலம்’ என்ற பேச்சு பேட்டைகளில் புழங்கியது. ‘எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே’ என்ற நிபந்தனையோடு வரும் அந்த விளம்பரங்களில் ஒருவர் நொடித்த கதை மற்றவருக்குத் தொடக்கமாகும். பூட்டிய கொட்டகைக்குள் மாதக்கணக்கில் நின்ற இயந்திரத்தின் மோட்டாரும் செம்புக் கம்பியும் ஏலத்துக்கு முன்பே காணாமல்போவது உண்டு என்பதால், பழகியவர்கள் முதலில் மின்பெட்டியைத் திறந்துதான் பார்ப்பார்கள்.

பழைய லேத்தைச் சோதிக்கும் முறை எழுதி வைக்கப்படாத பாடம். லேத்தின் உயிர் அதன் பெட்டில், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நீண்ட அடித்தளத்தில் இருக்கிறது. வேலை பெரும்பாலும் பொருளைப் பிடிக்கும் சக்கை ஒட்டியே நடப்பதால், பெட் அந்தப் பக்கம் தேயும், டெயில்ஸ்டாக் பக்கம் அப்படியே இருக்கும். இதைக் காட்டிக்கொடுக்க எளிய வழி ஒன்று உண்டு. வெட்டுக்கருவியைத் தாங்கும் கேரேஜைச் சக்குக்கு அருகில் நிறுத்தி, ஆட்டம் இல்லாதபடி அதன் கிப் என்ற இறுக்குத் தகட்டை இறுக்கிவிட வேண்டும். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி மறுகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் இறுகி நின்றால் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு பேரம் பேசலாம். விரல் நுனியை வழிகாட்டியின் ஓரத்தில் வைத்து இழுத்தாலே தேய்ந்த இடமும் தேயாத இடமும் சேரும் விளிம்பு தட்டுப்படும் என்பார்கள் பழைய ஃபிட்டர்கள்.

அடுத்தது ஸ்பிண்டில். சக்கில் ஒரு தண்டைப் பிடித்து, டயல் கேஜை அதன்மேல் வைத்து, மரக்கட்டையால் நெம்பினால் முள் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து பேரிங்கின் நிலை தெரியும். எல்லா வேகத்திலும் ஓட்டிக் கேட்க வேண்டும். ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் ‘கரகர’ என்றால் அந்தக் கியரில் பல் போயிருக்கிறது. கடைசியாக, தண்டின் இரண்டு இடங்களில் ஒரே செட்டிங்கில் மெல்லிய வெட்டு கொடுத்து மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் இயந்திரம் நேராக வெட்டுகிறது. இதற்கெல்லாம் த்ரீ ஃபேஸ் மின்சாரம் வேண்டும். ‘கரண்ட் இல்லை சார், மெஷின் நல்ல மெஷின்’ என்று சொல்லும் இடத்தில் ஸ்கிராப் ரேட்டுக்கு மேல் ஒரு ரூபாய் பேசக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

பெயின்ட் தனிக்கதை. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு முன்னால் இயந்திரத்தைத் துடைத்து, பல இடங்களில் பெயின்டும் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். அதனால் ஒரு மூலையில் பெயின்ட் உரிந்திருந்தால் மர வளையம்போல அடுக்குகள் தெரியும். பச்சைக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே வேறொரு பச்சை. அடுக்கு நிறைய இருந்தால் இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று தெரியும், ஆனால் யாரோ அதை ஆண்டுதோறும் கவனித்திருக்கிறார்கள் என்றும் தெரியும். அடுக்கே இல்லாமல் மொத்தமும் புத்தம் புதிதாகப் பளபளத்தால்தான் சந்தேகம் வரவேண்டும். விற்பனைக்காக அடித்த பெயின்ட், விரிசலை வெல்டிங் வைத்து அடைத்த இடத்தையும் மறைக்கும். இது பவர் பிரஸ்ஸில் ஆபத்தானது. சி வடிவச் சட்டத்தில் விரிசல் விட்ட பிரஸ், கிளட்ச் தேய்ந்து தானாகவே இரண்டாம் அடி அடிக்கும் பிரஸ் ஆகியவை கைமாறிக் கைமாறி வந்து, ஓட்டுபவரின் விரலைக் கேட்டவை. இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. கைமாறும்போது முதலில் கழன்றுபோவது அந்தத் தடுப்புதான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக்குப் பெருந்தொழில் வந்தது 1990களில். மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக் கழகமான சிப்காட் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்பூங்கா அமைத்தது. ஹூண்டாய் தன் இந்திய நிறுவனத்தை 1996-ல் பதிவு செய்து, 1998-ல் சான்ட்ரோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆலையும் ஒரு வகையில் பழைய இயந்திரக் கதைதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ப்ரோமோன்ட் என்ற ஊரில் ஹூண்டாய் 1989-ல் ஆண்டுக்கு ஒரு லட்சம் கார் செய்யும் ஆலையைத் திறந்திருந்தது. சொனாட்டா அங்கே எதிர்பார்த்தபடி விற்கவில்லை. நான்கே ஆண்டில், 1993-ல், ஆலை மூடப்பட்டது. அங்கே சும்மா நின்ற இயந்திரங்களை இருங்காட்டுக்கோட்டைக்கு மாற்றிக்கொண்டுவந்து ஹூண்டாய் தன் முதலீட்டைக் குறைத்துக்கொண்டது. பனி பெய்யும் ஊரில் தோற்ற இயந்திரம் ஏரிப் பாசன ஊரில் ஜெயித்தது. பழையதை வாங்கி ஓட்டுவது ஏழைப் பட்டறையின் வழி என்று நினைப்பவர்கள் இந்த ஆலையின் தொடக்கத்தை நினைத்துப்பார்க்கலாம்.

ஹூண்டாயைத் தொடர்ந்து கொரிய உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டின் புதிய ஆலை. திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையிலும், குன்றத்தூர், மண்ணூர், படப்பை ஓரங்களிலும் இரண்டாம், மூன்றாம் நிலைப் பட்டறைகள் நிறைந்தன. இவர்களுக்குத் தேவைப்பட்டது சாதா லேத் அல்ல. ஒரே பாகத்தை மாதம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஒரே அளவில் வெட்ட, கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. இயந்திரம் வேண்டும். 1991-க்குப் பின் இறக்குமதிக் கதவு மெல்லத் திறந்தது. 2004-ல் வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை, பயன்படுத்திய மூலதன இயந்திரங்களுக்கு இருந்த வயது வரம்பை எடுத்துவிட்டது. பட்டயப் பொறியாளரின் மதிப்பீட்டுச் சான்றோடு ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பழைய சி.என்.சி. இயந்திரங்கள் கன்டெய்னரில் வந்து இறங்கின.

சி.என்.சி. வந்தபின் சோதிக்கும் கலையும் மாறியது. பெட்டைத் தடவிப் பார்த்தால் மட்டும் போதாது. திரையில் ஸ்பிண்டில் ஓடிய மணிக்கணக்கு, பால் ஸ்க்ரூவின் பின்னாட்டம், கன்ட்ரோல் எந்தத் தலைமுறை, அதற்கு போர்டு இன்னும் கிடைக்கிறதா என்பவையெல்லாம் கேள்விகள். பலரை ஏமாற்றியது ஒரு சின்னப் பேட்டரி. பழைய ஃபானுக் போன்ற கன்ட்ரோல்களில் இயந்திரத்தின் அளவீட்டு எண்கள் பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் துண்டித்து மாதக்கணக்கில் நின்ற இயந்திரத்தில் பேட்டரி தீர்ந்தால் அவையெல்லாம் அழிந்துவிடும். பேக்கப் எடுத்து வைக்காத இயந்திரத்தை வாங்கியவர், அதைத் திரும்பப் பேசவைக்க ஆள்தேடி அலைய வேண்டும். இரண்டு டன் எஃகுக்கு விலை நிர்ணயிப்பது உள்ளங்கையில் அடங்கும் பேட்டரி என்பதை எடைமேடைக் கணக்கில் வளர்ந்தவர்களால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெரிய ஆலையிலிருந்து கழியும் பொருள் வெளியே வரும் வழியும் சிக்கலானது. தகட்டுத் துண்டு, மரப்பெட்டி, தேய்ந்த அச்சு, ஓய்வு பெற்ற இயந்திரம் ஆகிய எல்லாம் ஸ்கிராப் ஒப்பந்தக்காரர் கையால் போகும். ஒப்பந்தம் எடுத்தவருக்கு அன்றாடம் வரும் தகட்டுத் துண்டில்தான் நிலையான வருமானம். அந்த வருமானத்துக்கான போட்டி, மிரட்டல், அடிதடி, கொலை வழக்கு வரை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் காவல் நிலையங்களில் பதிவாகியிருக்கிறது. இதில் சிக்கி நல்ல இயந்திரங்களும் எடைக்கே போய்விடுவதுண்டு. லாட்டாகக் கட்டி விற்கும்போது ஒரு லாட்டில் ஓடும் கிரைண்டர் இருப்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒப்பந்தக்காரரின் யார்டில் அதைப் பிரித்துப் பார்க்கிறவருக்குத்தான் பேரம்.

நோக்கியா ஆலை இன்னொரு பாடம். வரி வழக்கில் 2013-ல் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. 2019-ல் சால்காம்ப் நிறுவனம் ஆலையை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வரும்வரை அந்த இடம் காத்திருந்தது. லேத் ஐந்து ஆண்டு சும்மா நின்றாலும் லேத்தாகவே இருக்கும், எண்ணெய் பூசி வைத்தால் போதும். சர்க்யூட் போர்டில் பாகம் பொருத்தும் இயந்திரம் அப்படியல்ல. அது கையாளும் பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போவதால், நிற்கும் நாளெல்லாம் அதன் விலை கரையும். இயந்திரத்தின் மேல் கடனோ, வழக்கோ, வரிப் பாக்கியோ இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை இந்தப் பகுதியில் வலுப்பட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீரும் மழையும் சேர்ந்து அடையாறு பெருகியது. கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகள் மூழ்கின. காப்பீடு இருந்தவரின் இயந்திரம் சேதப்பொருளாக விற்பனைக்கு வந்தது. இல்லாதவரின் இயந்திரம் அடிமாட்டு விலைக்குப் போனது. சாதா லேத்தைப் பிரித்து, டீசலில் கழுவி, மோட்டாரைச் சூடேற்றிக் காயவைத்து, பேரிங் மாற்றினால் எழுந்துவிடும். சி.என்.சி.யின் டிரைவும் போர்டும் சேற்றுநீரில் ஊறினால் மீட்பது கடினம். அதன்பிறகு ‘தண்ணி பார்த்த மெஷினா?’ என்பதும் பேரத்தில் ஒரு கேள்வியாகச் சேர்ந்தது. மின்பெட்டியின் அடித்தகட்டில் வண்டல் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அப்போது வந்த பழக்கம்.

ஏலமும் இடம் மாறிவிட்டது. 1964-ல் உலோகக் கழிவு வணிகத்துக்காகத் தொடங்கிய மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. இப்போது இணைய ஏலம் நடத்துகிறது. பழைய ஏலங்களில் வாங்குபவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு விலையேறாமல் ‘ரிங்’ கட்டுவார்கள். ஒருவர் எடுப்பார், பிறகு தேநீர்க்கடையில் தங்களுக்குள் இன்னொரு ஏலம் நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். இணையத்தில் அது கடினம். ஆனால் படத்தைப் பார்த்து வாங்கும் வெளியூர்க்காரருக்கு விரல் நுனிச் சோதனை கிடைப்பதில்லை. பார்வை நாளில் நேரில் வருபவருக்குத்தான் இன்றும் அனுகூலம்.

வாங்கிய விலையோடு கணக்கு முடிவதும் இல்லை. கிரேன், டிரெய்லர், வாசல் குறுகலாக இருந்தால் குழாய் உருளைகளின் மேல் கடப்பாரையால் தள்ளிக் கொண்டுபோகும் ஆட்கள், புதிய அஸ்திவாரம், மட்டம் பார்த்தல் என்று செலவு வளரும். பத்து டன் பிரஸ்ஸை ஒரகடத்திலிருந்து அம்பத்தூருக்குக் கொண்டுபோவதற்குள் மலிவில் பாதி கரைந்துவிடும். ராஜ்கோட்டிலும் படாலாவிலும் செய்யும் புதிய லேத்துகள் பழைய எச்.எம்.டி.யின் விலைக்கே கிடைக்கின்றன. புதியதா, பழையதா என்ற வாக்குவாதம் பேட்டைகளில் ஓய்ந்ததே இல்லை. பழைய வார்ப்பு கனமானது, அதிர்வைத் தாங்கும் என்பது ஒரு கட்சி. தேய்ந்த பெட்டில் கனம் இருந்து என்ன பயன் என்பது மறுகட்சி. பெட்டை மறுபடி கிரைண்டிங் செய்து, கையால் ஸ்கிரேப் செய்யத் தெரிந்த ஃபிட்டர்கள் குறைந்துவருவதால் இரண்டாம் கட்சிக்கு ஆதரவு கூடிவருகிறது.

கைக்கருவிகளின் சந்தை இவற்றுக்கெல்லாம் ஓரத்தில் நடக்கிறது. மூடிய ஆலையின் டூல் ரூமிலிருந்து வரும் டிரில் பிட், எண்ட் மில், வி பிளாக், கிரானைட் மேடை, மிட்டுடோயோ வெர்னியர் ஆகியவற்றுக்கு எடை விலை அற்பம், பயன் விலை மிக அதிகம். வெர்னியரின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் ஒளிக்கோடு தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்தால் தேய்ந்திருக்கிறது. மைக்ரோமீட்டரில் இதைவிடக் கவனம் வேண்டும். பழைய ஆலையின் அளவுத்திருத்த ஒட்டு அதில் அப்படியே இருக்கும், கடைசித் தேதியும் இருக்கும். பெரிய கார் நிறுவனத்துக்குப் பாகம் கொடுக்கும் பட்டறையில் தணிக்கைக்கு வருபவர் அந்தத் தேதியைத்தான் முதலில் படிப்பார். ஆகவே பழைய மைக்ரோமீட்டரை வாங்கியவர் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் புதிய சான்று வாங்கிய பிறகுதான் கடைசலில் கை வைக்கிறார்.